விமானம் இறங்காத ஓடுபாதையில்

பெர்லினில் எனக்கு எஞ்சியிருந்த கடைசி மாலையை, டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத்தின் ஓடுபாதையில் நடப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தேன். 2008 அக்டோபரில் மூடப்பட்டு 2010இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்தப் பெருவெளியில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீள ஓடுபாதைகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. மிதிவண்டி ஓட்டுவோரும் பட்டம் விடுவோரும் அவற்றின் மேல் உலவ, புல்வெளியின் ஒரு பகுதியை வானம்பாடிகள் கூடு கட்டுவதற்காக வேலியிட்டு விட்டிருக்கிறார்கள்.

ஓடுபாதையின் நடுவே நின்று சுற்றிலும் பார்த்தபோது, பழைய விமான நிலையத்தை ஒரு நகரம் ஏன் கைவிட நேர்கிறது என்பது எனக்கு விளங்கியது. கட்டடத்தின் வயது அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. 1948-49இல் சோவியத் யூனியன் மேற்கு பெர்லினை முற்றுகையிட்டபோது உணவும் நிலக்கரியும் சுமந்து வந்த விமானங்களைக் கண்ட அந்தப் பிறைவடிவக் கட்டடம் இன்றும் கம்பீரமாகவே நிற்கிறது. ஆனால் சுற்றிலும் குடியிருப்புகள் நெருங்கி நிற்பதால், பெரிய விமானங்களுக்காக ஓடுபாதையை நீட்ட அங்கே வழியில்லை.

அதே முற்றுகைக் காலத்தில் நகரின் வடமேற்கே டேகலில் சுமார் மூன்று மாதங்களில் இன்னோர் ஓடுபாதை போடப்பட்டது. அங்கே 1974இல் திறக்கப்பட்ட அறுகோண முனையத்தில், காரிலிருந்து இறங்கிச் சில பத்தடி நடந்தாலே விமானத்தின் வாயில் வந்துவிடும். 2017இல் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் சுமார் 56 விழுக்காட்டினர் டேகல் தொடர வேண்டும் என்றார்கள். அவர்களுடைய ஏக்கம் எனக்குப் புரிகிறது. நீண்ட நடைக்கூடங்களில் பெட்டியை இழுத்துக் கால் கடுத்த எவருக்கும் புரியும். ஆயினும், கடைசி வரை ரயில் எட்டாமல், ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட பயணிகளால் பிதுங்கிய அந்த நிலையத்தின் சொகுசுக்கு விலை கொடுத்தவர்கள் ஸ்பாண்டாவ், பாங்கோ பகுதிகளில் விமான இரைச்சலுக்குக் கீழே உறங்க முயன்றவர்களே. வீட்டுக்கு மேலே விமானம் பறக்காதவர்கள் மட்டும் இதைத் தீர்மானிப்பது நியாயமாகாது என்பது என் எண்ணம்.

பழையதை மூடும் துணிவில்லாமல் புதியதைக் கட்டினால் என்னவாகும் என்பதற்குக் கனடாவின் மாண்ட்ரியால் நகரம் சாட்சி. ஊருக்குள் இருந்த டோர்வால் நிலையத்துக்கு மாற்றாக 1975இல் வெகு தொலைவில் மிராபெல் திறக்கப்பட்டது. அதற்காக உழவர்களிடமிருந்து பெரும் நிலப்பரப்பு கையகப்படுத்தப்பட்டது. திட்டமிட்ட விரைவு ரயில் வரவேயில்லை, உள்நாட்டு விமானங்களோ டோர்வாலிலேயே தங்கிவிட்டன. 2004இல் மிராபெலின் பயணியர் சேவை நின்றது. 2014இல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள்.

பெர்லின் அந்தக் குழியில் விழவில்லை, வேறொன்றில் விழுந்தது. தெற்கே ஷோனஃபெல்டில் எழுந்த புதிய நிலையம் 2012 ஜூனில் திறக்கப்படவிருந்தபோது, நான்கு வாரத்துக்கும் குறைவான காலம் இருக்கையில், தீத்தடுப்பு ஏற்பாடு சரியில்லையென்று விழா நிறுத்தப்பட்டது. மேலே எழும் இயல்புடைய புகையைத் தரைக்குக் கீழே இழுத்து வெளியேற்றும் வகையில் அதன் ஒரு பகுதியை வடிவமைத்திருந்தார்கள் என்று படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. 2020 அக்டோபர் 31இல்தான் நிலையம் திறந்தது. எட்டே நாளில் டேகலிலிருந்து கடைசி விமானம் புறப்பட்டது. எட்டாண்டுத் தாமதத்தையும் பல நூறு கோடி யூரோ கூடுதல் செலவையும் என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் மாற்றியது சரிதான் என்றே சொல்வேன், ஏனெனில் இங்கே முனையத்தின் அடியிலேயே ரயில் வந்து நிற்கிறது.

மறுநாள் காலை அந்த ரயிலில்தான் போனேன். திறப்பு தள்ளிப்போன ஆண்டுகளில், நிலத்தடி நிலையத்தில் காற்று தேங்கிப் பூஞ்சை பிடிக்காமலிருக்க, ஒரு பயணியும் இல்லாத ரயிலை அதே சுரங்கத்தில் நாள்தோறும் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். நான் ஏறிய பெட்டியில் உட்கார இடமில்லாமல், இரண்டு பெரிய பயணப் பெட்டிகளுக்கு நடுவே கதவோரம் நின்றபடியே போய்ச் சேர்ந்தேன்.