கியர்பாக்ஸை இறக்கும் முன்
பழைய சுபாரு ஃபாரஸ்டரோ அவுட்பேக்கோ வைத்திருக்கும் கனடா நண்பர்கள் சிலர் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினால் வண்டி தடக் தடக்கென்று முரண்டு பிடிக்கிறது, காட்டிய இடத்திலோ, கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். வண்டியை விற்றாலும் அந்தப் பணம் வராது!

முதலில் டயர்களைப் பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒன்று மட்டும் புதிது என்றால் அதன் சுற்றளவு கூடுதல். அந்த வேறுபாட்டை ஓயாமல் ஈடுகட்டியே, கியர்பாக்ஸுக்குள் பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் கிளட்ச் தட்டுகள் சூடேறித் தேய்கின்றன. சுபாரு அனுமதிக்கும் வேறுபாடு சுற்றளவில் கால் அங்குலம்தான்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் பானெட்டுக்குள் 'எஃப்.டபிள்யூ.டி.' (முன்சக்கர இழுவை) என்று குறித்த காலி ஃபியூஸ் இடம் இருக்கும். அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின்சக்கரங்களுக்கான விசை நின்றுவிடும். முரண்டும் நின்றால், அந்தக் கிளட்சைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சொலினாய்டு நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். கியர் எண்ணெயை மாற்றிப் பாருங்கள், சில வண்டிகளுக்கு அதுவே போதும். நிற்கவில்லையா? சொலினாய்டோ கிளட்ச்சோதான் சந்தேகத்துக்குரியது. இரண்டும் கியர்பாக்ஸின் வால்பகுதியில் இருக்கின்றன. முழுவதையும் இறக்காமலே கழற்றலாம். இதைச் சொல்லாமல் மதிப்பீடு எழுதித் தருபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சக்கரத்தைச் சுழற்றும் அச்சு மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம். கிரீஸ் வழிந்து, திரும்பும்போது 'டக் டக்' கேட்கத் தொடங்கினால் பெரும்பாலும் அச்சையே மாற்ற வேண்டும். அப்போதும் மலிவான புதியதை விட, பழைய வாகனக் கிடங்கில் கிடைக்கும் அசல் அச்சே என் தேர்வு.

ஸ்கார்பரோ பக்கம் வால்பகுதியை மட்டும் பிரித்து வேலை செய்யும் மெக்கானிக் யாரையாவது தெரிந்தால் கருத்தில் சொல்லுங்கள்.