அந்தச் சின்ன எண் யார் தலையில் இருக்கிறது?

படிவம் மூன்று கணிதத்தில் முதல் பாடமே ‘இண்டெக்ஸ்’, அதாவது அடுக்கெண்தான். தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாட்டைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்ன பிள்ளைகளும் இங்கே தடுமாறுகிறார்கள். விதிகள் மனத்தில் இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்பது இருக்காது.

மலாயில் ‘லீமா குவாசா தீகா’ என்பதைத் தமிழில் ஐந்தின் அடுக்கு மூன்று என்போம். 5³ = 5 × 5 × 5 = 125. கீழே இருப்பது அடிமானம். மேலே இருப்பது அதை எத்தனை முறை எழுதிப் பெருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. 15 என்று விடை வந்தால், பிள்ளை ஐந்தை மூன்றால் பெருக்கிவிட்டது.

அடுக்கின் வேகத்தைக் காட்ட ஒரு தாள் போதும். தடிமன் 0.1 மில்லிமீட்டர். ஒவ்வொரு மடிப்பிலும் தடிமன் இரட்டிக்கும். கையால் ஏழெட்டு மடிப்புக்கு மேல் முடியாது; மீதியைக் கணக்கில் மடிப்போம். 10 மடிப்பில் 2¹⁰ = 1,024 மடங்கு, சுமார் 10 சென்டிமீட்டர். 22 மடிப்பில் 419 மீட்டர். 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி. அடுத்த ஒரே மடிப்பில் சுமார் 839 மீட்டர்! பினாங்குக் கொடிமலையின் 833 மீட்டர் உச்சியே கீழே போய்விடும்.

இனி விதிகள். 2³ × 2⁴ என்பதை விரித்து எழுதச் சொல்லுங்கள்: (2×2×2) × (2×2×2×2). ஏழு இரண்டுகள், ஆகவே 2⁷ = 128. அடுக்குகளைக் கூட்டுவது இதனால்தான். சிலர் அடிமானத்தையும் பெருக்கி 4⁷ என்று எழுதுவார்கள்; அது 16,384. (2³)⁴ என்றால் மூன்று இரண்டுகள் நான்கு கட்டாக வரும், 2¹². ஆனால் 2³ + 2⁴ என்ற கூட்டலுக்கு இந்த விதி செல்லாது; 8 + 16 = 24, அவ்வளவுதான். 3⁵ + 3⁵ + 3⁵ மட்டும் சுவையானது. ஒரே எண் மூன்று முறை வருவதால் 3 × 3⁵ = 3⁶ = 729. இதை 9⁵ என்றோ 3¹⁵ என்றோ எழுதுபவர்கள்தான் அதிகம்.

சுழியத்துக்கும் கழித்தல் அடுக்குக்கும் படியிறங்கிப் பாருங்கள்: 2³ = 8, 2² = 4, 2¹ = 2. ஒவ்வொரு படிக்கும் பாதி. எனவே 2⁰ = 1, 2⁻¹ = 1/2, 2⁻³ = 1/8. கழித்தல் குறி அடுக்கில் இருந்தால் எண் தலைகீழாகும். விடை கழித்தல் எண்ணாக மாறாது.

அதிக மதிப்பெண்ணைப் பறிப்பது −3². இங்கே 2 உட்கார்ந்திருப்பது 3-இன் தலையில் மட்டும், விடை −9. (−3)² என்றால்தான் 9. அறிவியல் கால்குலேட்டரும் அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் −9 காட்டும். எக்செல்லில் =-3^2 என்று தட்டினால் 9 வரும், அது கழித்தலை முதலில் சேர்த்துக்கொள்கிறது. எங்கே தட்டினாலும் அடைப்புக்குறி போடும் பழக்கம் வேண்டும்.

வைப்புத் தொகையிலும் இதே அடுக்குதான். 10,000 ரிங்கிட், ஆண்டுக்கு 3 விழுக்காடு, வட்டியை எடுக்காமல் பத்து ஆண்டு: 10,000 × 1.03¹⁰ = 13,439.16 ரிங்கிட். தனிவட்டியில் 13,000தான். 1.03-க்குப் பதில் 1.3 என்று தட்டினால் 137,858 ரிங்கிட் வந்து நிற்கும். வந்த தொகை நடக்கக்கூடியதா என்று ஒரு கணம் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

பின்ன அடுக்கில் மேலே உள்ளது அடுக்கு, கீழே உள்ளது மூலம். 32-இன் அடுக்கு 3/5 என்றால் முதலில் ஐந்தாம் மூலம் எடுங்கள், அதாவது எந்த எண்ணை ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் 32 வரும் என்று பாருங்கள்: 2. பிறகு 2³ = 8. வரிசையை மாற்றினாலும் விடை அதேதான், ஆனால் 32,768-க்கு ஐந்தாம் மூலம் தேடி உட்கார வேண்டியிருக்கும்.