ருவைஸ் போகும் முன் ஒரு லேப்டாப்

நாளன்னிக்கு அபுதாபி விமானம். அந்தப் பக்கம் எண்ணெய் ஆலைகள் இருக்கும் ருவைஸில் எட்டு மாத ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு. பெட்டி கட்டியதைவிட இந்தப் பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம்.

போன தடவை இறங்கியதும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அழைத்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது. ரூமில் ஒருத்தர் விபிஎன் போடச் சொன்னார், தடையைச் சுற்றிப் போகிற ஆப் அது. அங்கே அதைத் தப்புக்குப் பயன்படுத்தி மாட்டினால் அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் ஆரம்பிக்கும். நமக்கெதுக்கு வம்பு?

அதனால் இந்த முறை என் லேப்டாப்பிலும் அம்மா போனிலும் அங்கே அனுமதி உள்ள வீடியோ கால் ஆப்பான போட்டிம் ஏற்றியாச்சு. அது மக்கர் செய்தால் மைக்ரோசாஃப்டின் டீம்ஸ். நேற்று அடுப்படியிலேயே ஒத்திகை. "பச்சையைத் தொடும்மா" என்று பத்துத் தடவை சொன்னேன். அம்மா தொட்டதெல்லாம் சிவப்பு. திரையில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. முறுக்கு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்த பிறகுதான் முழு முகமும் வந்தது.

லேப்டாப் கடிகாரத்தில் இந்திய நேரத்தையும் சேர்த்துவிட்டேன். அங்கே ஏழரை என்றால் இங்கே ஒன்பது, அம்மா கண்ணயரும் நேரம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் எல்லாம் ஸ்கேன் செய்து பென்டிரைவில் ஒரு பிரதி, தம்பியிடம் ஒரு பிரதி. அங்கே சுவரில் இருப்பது சதுரக் கால் பிளக்குக்கான ஓட்டை. நம்ம உருண்டைக் கால் நுழையாது. அடாப்டர்தான் இன்னும் வாங்கவில்லை.