இடப்புறம் சுற்றச் சொன்னார்கள்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 178 கடல்மைல். காற்று எதிர்த்து வீசாத நாளில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்துவிடலாம். ஒக்டோபர் மாதத்து மாலையொன்றில், வெளியே பாராமல் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் கருவிப் பறப்பு விதிகளின் கீழ், துணை விமானி எவருமின்றி 6,000 அடியில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். புத்தளத்தைக் கடந்ததும் மேகம் மூடிக்கொண்டது. கரையோரமாகவே தெற்கே இறங்கி, தேநீர் நேரத்துக்கு வெள்ளவத்தை வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் கணக்கிட்டிருந்த வேளையில்தான் கட்டுப்பாட்டாளரின் குரல் வந்தது. கட்டுநாயக்கவிலுள்ள விஓஆர் எனும் வானொலி வழிகாட்டி நிலையத்தின் 270 ஆம் ரேடியலில், அதாவது அங்கிருந்து மேற்கே போகும் கோட்டில், இடப்புறத் திருப்பங்களோடு, அதே உயரத்தில் ஹோல்டிங் செய்ய வேண்டும்; அதாவது சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். இறங்குமுகத்தை இன்னும் 25 நிமிடங்களின் பின் எதிர்பார்க்கலாம்.

அவர் கேட்டதில் எந்தப் பிழையும் இல்லை. முன்னால் போக்குவரத்து இருந்தது, அவ்வளவுதான். பிழை என்னுடையது. அவர் சொல்லி முடிக்கும் முன்பே பேனையை எடுத்து, தொடையில் கட்டியிருந்த தாளில் குனிந்து எழுதி, கிளிப்பிள்ளை போல ஒரு சொல்லும் தவறாமல் திருப்பி ஒப்புவித்துவிட்டேன். உயரம், திசை, வேகம், ஓடுபாதை, டிரான்ஸ்பொண்டர் (ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண் போன்றவற்றைத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும் என்பது சர்வதேச விதி; ஆனால் அந்த ஒப்புவிப்பு நான் கேட்டேன் என்பதற்கு மட்டுமே சாட்சி, விளங்கிக்கொண்டேன் என்பதற்கு அல்ல. தலையை நிமிர்த்தியபோது விமானம் இடப்பக்கம் சுமார் 20 பாகை சரிந்து, 300 அடி இறங்கியிருந்தது. அதை நான் கண்டுகொண்ட அதே கணத்தில் கட்டுப்பாட்டாளரும் கண்டு, என் உயரம் என்னவென்று மிகவும் மரியாதையாக விசாரித்தார்.

விமானம் சரிந்ததை உடல் ஏன் உணரவில்லை என்பதற்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. மிக மெதுவாக நிகழும் சரிவை உட்காதின் அரைவட்டக் குழாய்கள் பொருட்படுத்துவதில்லை. அந்நிலையில் தலையைக் குனிந்து நிமிர்த்தினாலோ, இல்லாத சுழற்சி ஒன்றை இருப்பதாகக் காட்டிவிடும். இரண்டு விமானிகள் இருக்கும் இடத்தில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் எழுதுவார், பேசுவார். தனியாக இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இப்போது எதிர்பாராத கட்டளை எது வந்தாலும் என் முதல் பதில் 'ஸ்டாண்ட்பை', அதாவது சற்றுப் பொறுங்கள், என்பதே. அதற்குப் பிறகு இறக்கைகளைச் சமப்படுத்தி, விமானத்தை அந்நிலையிலேயே வைத்திருக்கும் டிரிம்மைச் சரிசெய்து, ஓட்டோ பைலட் இருந்தால் திசையையும் உயரத்தையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பேனையைத் தொடுகிறேன். 90 நொட் (மணிக்கு 90 கடல்மைல்) வேகத்தில் பதினைந்து விநாடியில் விமானம் அரைக் கடல்மைல்கூடப் போவதில்லை; அந்த அவகாசத்தை எவரும் மறுத்ததில்லை.

'ஸ்டாண்ட்பை' என்று சொல்ல எனக்கு ஏன் இத்தனை காலம் எடுத்தது என்று யோசித்திருக்கிறேன். பெரியவர்களைக் காக்க வைக்கக் கூடாது, கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்றே வளர்க்கப்பட்டோம். கந்தோரிலும் 'ஓம் சேர்' என்பது யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிடுகிறது. வானொலியில் கேட்கும் உறுதியான குரலும் நமக்கு ஒரு மேலதிகாரியின் குரலாகவே ஒலிக்கிறது. ஆனால் சர்வதேச விதிகளின் இரண்டாம் இணைப்பு, விமானத்தைப் பற்றிய இறுதி அதிகாரத்தை அதன் தலைமை விமானிக்கே கொடுக்கிறது. 'அன்ஏபிள்', அதாவது இயலாது, என்பது அடங்காமை அல்ல, அங்கீகரிக்கப்பட்ட பதில். கூடவே காரணத்தையும் சொல்லிவிட்டால் கட்டுப்பாட்டாளர் வேறு வழி பார்ப்பார். 1990 ஜனவரி 25 அன்று நியூயோர்க்கை நெருங்கிய அவியாங்கா 52 இன் விமானிகள் மூன்று இடங்களில் மொத்தம் ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தார்கள். முன்னுரிமை கேட்டார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். அவசரநிலை என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள்.

என் ஹோல்டிங்குக்கு வருகிறேன். வடக்கிலிருந்து 184 பாகைத் திசையில் நான் நிலையத்தை நெருங்க, சுற்றில் நிலையத்தை நோக்கி உள்வரும் பாதையோ 090, அதிலிருந்து வெளிச்செல்லும் பாதை 270. இடப்புறச் சுற்று என்றதும் மனம் இடப்பக்கமே திரும்ப அவசரப்படும். ஆனால் கணக்குப்படி, சுற்றுக்குள் நுழையும் முறைகளில் இது சமாந்தர நுழைவு: நிலையத்துக்கு மேல் வந்ததும் வலப்புறம் 270 க்குத் திரும்பி, ஒரு நிமிடம் கடலை நோக்கிப் போய், மீண்டும் வலப்புறமாகவே, வடக்குப் பக்கமாக வளைந்து நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் இடது திருப்பம். அன்று இதை நான் தாளில் ஒரு கோடு வரைந்து பார்த்தே கண்டுபிடித்தேன். மனக்கணக்காகச் செய்திருந்தால் நிச்சயம் தவறியிருப்பேன்.

கொழும்பில் பறப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இரத்மலானைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே ஏறத்தாழ 21 கடல்மைல்தான், இரண்டின் ஓடுபாதைகளுக்கும் ஒரே எண்கள், 04, 22. எதிர்பாராமல் திசை மாற்றப்பட்டு 'ஓடுபாதை 22' என்று கேட்டால், எந்த விமான நிலையத்தின் 22 என்று கேட்டுவிடுவேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஞாயிறு காலைகளில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில் சோக்கட்டியால் ஒரு புள்ளியும் கோடும் வரைந்து, பக்கத்து வீட்டுப் பையனை ஏதாவதொரு ரேடியலைச் சொல்லச் சொல்லி, நுழைவுகளை நடந்தே பழகுகிறேன். துணி காயப்போட வந்த அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வெயிலுக்கை நிண்டு எதைச் சுத்துறாய்?" என்று கேட்டார். ஸ்டாண்ட்பை என்றேன்.