பத்து மணிக்குக் கர்ணன் சாக முடியாது: எங்கள் ஊரில் கலைவிழா நடத்திய அனுபவம்

செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெருக்கூத்து புதிதன்று. பங்குனி தொடங்கிவிட்டால் ஏதேனும் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். ஆனால் கோயிலையும் தெருவையும் சாராமல், ஊரார் அனைவரும் ஒரே திடலில் அமர்ந்து கூத்தையும் பறையையும் கும்மியையும் சேர்ந்து பார்க்கும் விழா எங்கள் ஊரில் நடந்ததே இல்லை. கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை கிராமத்தில், கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நடைபெறும் கூத்து விழாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு விடியற்காலையில், தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்து நாமும் ஒன்று நடத்தினால் என்ன என்று பேசத் தொடங்கினோம். இரண்டு ஆசிரியர்கள், ஒரு தையற்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நகலகம் வைத்திருக்கும் நான் என ஐந்து பேர் சேர்ந்தோம். எங்களில் ஒருவருக்கும் விழா நடத்திய முன்னனுபவம் கிடையாது.

முதலில் நாள் குறிக்க வேண்டியிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழையை நம்ப முடியாது. மாசியில் அங்காளம்மன் கோயில்களின் மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கிவிட்டால் ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்களுக்கு ஓய்வே இல்லை. பள்ளித் தேர்வுகளையும் அறுவடையையும் கணக்கிட்டபோது தை மாதத்தின் கடைசி வெள்ளியும் சனியும் மட்டுமே மிஞ்சின.

இடத்தைப் பொறுத்தவரை நாங்கள் முதலில் விரும்பியது அரசுப் பள்ளி மைதானத்தை. விண்ணப்பத்தைக் கையில் வாங்கிய அலுவலர் ஒருவர், மைதானத்துக்கு எதிரிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தோம். எனவே பேரூராட்சிக்குச் சொந்தமான வாரச்சந்தைத் திடலுக்கு மாறினோம். அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. காய்கறி வண்டிகள் அதிகாலை 3 மணிக்கே வந்துவிடும். சந்தையை ஏலம் எடுத்திருந்தவர், நள்ளிரவுக்குள் திடலைக் காலி செய்து தருவதாக எழுதிக் கொடுத்தால்தான் சம்மதிப்பேன் என்றார். எழுதிக் கொடுத்தோம்.

காவல் நிலையத்துக்கான விண்ணப்பத்தை நான்கு படிகளாக எடுத்து, பேரூராட்சியின் சம்மதக் கடிதம், கலைஞர்களின் பட்டியல், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மைக்செட் விவரம் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தோம். பல முறை நடையாய் நடந்த பிறகு, விழாவுக்கு முந்தைய நாள் மாலைதான் அனுமதி கையில் கிடைத்தது. கூம்பு ஒலிபெருக்கி கூடாது, இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள். பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. ஐந்து பேர் கூடி நடத்தும் விழாவுக்கு அந்தத் தளர்வு எட்டுமென்று நாங்கள் நம்பவில்லை.

இந்த நிபந்தனை வருமென்று முன்பே தெரிந்திருந்ததால், கூத்துக்கு ஒப்பந்தம் செய்யத் தாம்பூலம் கொடுக்கப் போனபோதே, குழுவின் தலைவரான வாத்தியாரிடம் பேச்சை எடுத்தோம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் கர்ணன் கதைக் கூத்தை முடித்துத் தர முடியுமா என்று நான் கேட்டேன். கூத்து வழக்கமாகக் களை கட்டுவதே பத்து மணிக்கு மேல்தான் என்பதை அறிந்திருந்தும் கேட்டேன். அவர் வெற்றிலையைத் தொடாமல் சற்று நேரம் தட்டையே பார்த்தார்.

“தம்பி, களரி கட்டவே அரை மணி நேரம் ஆவும். கட்டியங்காரன் வந்து ஊரைச் சிரிக்க வைக்கணும். பொன்னுருவி தர்க்கத்தைக் கொறைச்சா பொம்பளைங்க எழுந்து போயிடுவாங்க. பத்து மணிக்குக் கர்ணன் எப்படிச் சாவான்? விடியறப்பதான் சாவான்.”

களரி கட்டுவது என்பது ஆட்டத்துக்கு முன் இசைக்கருவிகளை முழக்கும் தொடக்கம்; கட்டியங்காரன் கூத்தின் கோமாளி; பொன்னுருவி கர்ணனின் மனைவி. வாத்தியார் சொன்னதைக் கலைஞரின் பிடிவாதம் என்று எங்கள் குழுவில் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்தில் அரிதாரம் பூசி, கலியாண முருங்கை மரத்தில் செய்த கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் கட்டிக்கொள்ளவே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஒருவரிடம், ஆட்டத்தை மட்டும் நறுக்கிக் கொடு என்று கேட்பதுதான் முறையற்றது. மேடை விழாக்களில் இருபது நிமிடக் கூத்தைப் பார்த்துப் பழகிவிட்டதால் நாம் அவ்வாறு கேட்கத் துணிகிறோம்.

வழியைக் கண்டுபிடித்தவர் தபால்காரர். மூடிய அரங்குகளுக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு விதியில் விலக்கு இருப்பதை அவர் வரிவரியாகப் படித்து எடுத்துச் சொன்னார். திடலுக்கு எதிரே ஒரு திருமண மண்டபம் இருந்தது. சனிக்கிழமை இரவு அது காலியாக இருக்கும். ஞாயிறு மாலை ஒரு மஞ்சள் நீராட்டு விழா. ஒன்பதரை மணி வரை திடலில் ஆடிவிட்டு, பிறகு பார்வையாளர்களோடு மண்டபத்துக்குள் சென்று கதவுகளை அடைத்துக்கொண்டு மைக் இல்லாமல் விடியும்வரை ஆடலாம் என்று திட்டமிட்டோம். காவல் நிலையத்தில் இதையும் எழுத்தாகவே கொடுத்து ஒப்புதல் பெற்றோம். வாத்தியார் அதன்பிறகே தாம்பூலத்தை எடுத்துக்கொண்டார்.

பறையாட்டத்தில் எழுந்த சிக்கலைத் தீர்க்க விதிப் புத்தகம் உதவவில்லை. விழாவைப் பறையோடு தொடங்குவது என்று முடிவு செய்தபோது, நன்கொடை தர முன்வந்த இருவர், “சாவுக்கு அடிக்கிறதை நல்ல காரியத்துக்கு முதல்ல வைப்பாங்களா?” என்று கேட்டனர். கடைசியில் வைத்துக்கொள்ளலாமே என்ற சமரச யோசனையும் வந்தது. இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. இறுதியில் அந்த நன்கொடைகளை வேண்டாமென்று விட்டோம். வெள்ளி மாலை பறைதான் முதலில் ஒலித்தது. சொல்லப்போனால் அன்று எங்களைத் தடுமாற வைத்தது வைக்கோல்தான். பறையின் தோல் இறுக அதை வைக்கோல் தீயில் காய்ச்ச வேண்டும் என்பதை மறந்து, பந்தலுக்கு அருகே தீ மூட்டக் கூடாது என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டிருந்தோம். திடலின் மறுகோடியில், தண்ணீர்க் குடங்களை அருகில் வைத்துக்கொண்டு காய்ச்சினோம்.

நடவுப் பாட்டுப் பாடும் பெண்கள் எட்டுப் பேரை அழைத்திருந்தோம். மைக்கின் முன்னால் நிற்க வைத்ததும் இரண்டு வரியோடு நிறுத்திவிட்டனர். குனிந்து நாற்று நட்டுக்கொண்டே பாடியவர்களுக்கு நிமிர்ந்து நின்றால் பாட்டு வரவில்லை. மேடையை விட்டு இறக்கித் தரையில் வட்டமாக உட்கார வைத்து, நடுவில் ஒரு மைக்கைப் படுக்க வைத்தபின் முக்கால் மணி நேரம் நிற்காமல் பாடினர். அந்த உற்சாகத்தில் நான் ஒப்பாரியும் பாடுமாறு கேட்டுவிட்டேன். மூத்தவர் என் கையைப் பிடித்து, “சாவு விழாத எடத்துல ஒப்பாரி வைக்கச் சொல்றியே கண்ணு, அடுக்குமா?” என்றார். அத்தோடு விட்டேன்.

பணத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கினோம். அரிசி ஆலைக்காரர் அரிசியும் மளிகைக் கடைக்காரர் எண்ணெயும் கொடுத்தனர். மேடையில் யாருடைய படமும் இருக்காது என்று அறிவித்ததால் சில பெரிய தொகைகள் வரவில்லை. கலைஞர்களுக்கு அன்றைக்கே முழுத் தொகையையும் கொடுத்துவிடுவது, ஒலிக்கும் பந்தலுக்கும் பிறகு பார்த்துக்கொள்வது என்ற வரிசையை மட்டும் மாற்றவில்லை. கடைசியில் துண்டு விழுந்த பணத்தை ஐவரும் பகிர்ந்துகொண்டோம்.

சனி இரவு ஒன்பது நாற்பதுக்கு, பாதி வேடத்தில் இருந்த கர்ணன் முன்னால் நடக்க, முகவீணையும் மிருதங்கமும் துணிக்குள் சுற்றப்பட்டுப் பின்னால் வர, ஏறக்குறைய முந்நூறு பேர் பாய்களையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தனர். உள்ளே போனதும்தான் மண்டபத்தின் தரை வழவழப்பான ஓடு என்பது உறைத்தது. சலங்கை கட்டிச் சுழல்பவர் வழுக்கி விழுந்தால் என்னாவது? ஆலையிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து விரித்து ஓரங்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். சன்னல்களை அடைத்ததால் வெக்கை தாங்கவில்லை, எதிரொலியும் இருந்தது. ஆனால் மைக் இல்லாத குரலைக் கேட்கக் கூட்டம் தானாக நெருங்கி உட்கார்ந்தது. பொன்னுருவி தர்க்கம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. பாதிப் பேர் இரண்டு மணிக்கு மேல் வீட்டுக்குப் போய்விட்டனர். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே தூங்கியும் விழித்தும் பார்த்தனர்.

ஐந்தே முக்கால் மணிக்குக் கர்ணன் சாய்ந்தபோது, எதிரே திடலில் தக்காளிக் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வேடம் கலைத்த கலைஞர்களுக்கு இட்லி கொடுத்து வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், மண்டப மேலாளர் மணமகள் அறை வாசலில் நின்றிருந்தார். வேடம் கட்டிய அந்த அறையின் பெரிய கண்ணாடி முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகக் கைத்தடங்கள். தண்ணீருக்கு அரிதாரம் போகாது என்று வாத்தியார் முன்பே சொல்லி, அரை பாட்டில் தேங்காய் எண்ணெயை விட்டுப் போயிருந்தார். தையற்காரர் தம் கடையிலிருந்து வெட்டுத் துணிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மாலை விழாவுக்கு அலங்காரம் செய்பவர்கள் வருவதற்குள் துடைத்து முடித்துவிட்டோம்.