பிடித்த கப்பலை எங்கே கட்டுவது?

ஒக்டோபர் 12, கல்லடி

சர்வதேசச் சட்டத்துக்கு ஓர் ஒப்படை எழுதிக் கொடுக்கவேண்டும். போரிடும் நாடொன்று, தான் பிடித்த வணிகக் கப்பலைப் போரில் சேராத நாட்டின் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால் அந்த நாடு என்ன செய்யவேண்டும்? இதுதான் கேள்வி.

பாலமீன்மடுவிலிருந்து மீன் கொண்டுவந்த மாமாவிடம் சொன்னேன். "இதென்ன மனே, நேவி புடிச்சு வாற இந்திய றோலர் மாதிரித்தானே?"

இல்லை. அது நம் கடலில் நம் சட்டப்படி நாமே பிடிப்பது, வழக்கும் நம் நீதிமன்றத்தில். இங்கே பிடித்தவன் ஒருவன், பிடிபட்டவன் இன்னொருவன், கரை மட்டும் மூன்றாமவனுடையது.

"அப்ப மூண்டாமவன் சும்மா இரிக்க வேண்டியதுதானே!"

அவன்தான் சும்மா இருக்கக்கூடாது.

ஒக்டோபர் 14

1907 ஹேக் மாநாட்டின் 13ஆவது சமவாயம், 21ஆவது உறுப்புரை. பிடித்த கப்பலை நடுநிலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவர மூன்றே காரணங்கள்: கப்பல் ஓடமுடியாத நிலை, கடும் காலநிலை, எரிபொருளோ உணவோ இல்லாமை. காரணம் தீர்ந்ததும் வெளியேறவேண்டும். போகாவிட்டால் நடுநிலை நாடு உடனே போகச் சொல்லவேண்டும். அப்போதும் அசையாவிட்டால் தன்னால் இயன்ற வழியில் கப்பலை அதன் அதிகாரிகள், மாலுமிகளோடு விடுவித்து, பிடித்தவர்கள் ஏற்றிவிட்ட காவல் ஆட்களைத் தடுத்துவைக்கவேண்டும். இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல் வந்திருந்தால் 22இன்படி நேரே விடுதலைதான்.

மாமாவுக்கு இது உடனே பிடிபட்டது. மாரியில் எஞ்சின் பழுதாகி முகத்துவாரத்துக்குள் வரும் அடுத்த ஊர் வள்ளத்தைக் கட்டவிடுவார்கள், சோறும் கொடுப்பார்கள். "ஆனா களவெடுத்த வலையை எங்கட வாடிக்குள்ள வச்சிட்டுப் போக உடுவமா?"

ஒக்டோபர் 16

இன்று முழுக்க 'அப்பம்'. தின்கிற அப்பம் இல்லை. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரித்தானியப் பயணிகள் கப்பல். 1916 ஜனவரியில் 'மோவ' என்ற ஜேர்மன் போர்க்கப்பல் அதைப் பிடித்தது. லெப்டினன்ட் ஹான்ஸ் பெர்க் சிறு காவல் அணியோடு அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் ஹாம்டன் றோட்ஸில் கொண்டுபோய் நிறுத்தினார். அமெரிக்கா அப்போது நடுநிலை. புயலும் இல்லை, பட்டினியும் இல்லை. பிடித்தது செல்லுமா என்று ஜேர்மனியில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை பத்திரமாக வைத்திருக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். பின்னாளில் ஜேர்மனிக்குள் சேர்ந்த பிரசியாவோடு அமெரிக்கா முன்பு செய்த உடன்படிக்கை ஒன்றையும் நீட்டினார்கள்.

1917 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. காலவரையின்றிக் கிடத்திவைக்க அந்த உடன்படிக்கை இடம் தரவில்லை. அப்படிக் கிடத்துவது நடுநிலையை மீறுவது. கப்பலும் சரக்கும் உரியவர்களுக்கே. தீர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, தாமதம்தான் பிடிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கப்பல் அங்கேயே கிடந்திருக்கிறது.

ஒக்டோபர் 17

எரிச்சல். அதே சமவாயத்தின் 23ஆவது உறுப்புரை, தீர்ப்பு வரும்வரை பிடிபட்ட கப்பலைத் தன் துறைமுகத்தில் வைத்திருக்க நடுநிலை நாடு அனுமதிக்கலாம் என்கிறது! முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள். அமெரிக்கா இந்த உறுப்புரையை ஏற்காமல்தான் சமவாயத்தில் சேர்ந்தது. நல்ல காரியம்.

ஒக்டோபர் 20

மழை, கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருக்கும்வரை 'சிற்றி ஒவ் பிளின்ற்' பற்றி வாசித்தேன்.

1939 ஒக்டோபர் 9. பிரித்தானியாவுக்குச் சரக்கோடு போன இந்த அமெரிக்கக் கப்பலை ஜேர்மனியின் 'டொய்ச்லாண்ட்' போர்க்கப்பல் பிடித்தது. இம்முறை அமெரிக்கனே பிடிபட்டவன். காவல் அணி கப்பலை முதலில் நோர்வேயின் ட்ரொம்சோவுக்குக் கொண்டுபோனது, தங்கவிடாமல் அனுப்பிவிட்டார்கள். அடுத்து சோவியத்தின் மூர்மான்ஸ்க். சோவியத் முதலில் காவல் அணியைத் தடுத்துவைத்தது, பிறகு இயந்திரப் பழுதால்தான் வந்தார்கள் என்று சொல்லிக் கப்பலையும் அவர்களிடமே விட்டது. அமெரிக்கத் தூதர் கப்பல்காரர்களோடு பேசக் கேட்டும் நடக்கவில்லை. நடுநிலை என்று பலகை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நவம்பர் 3 அன்று திரும்பவும் நோர்வேக் கடலோரமாக வந்து, அனுமதி மறுத்தும் ஹோகசுண்டில் நங்கூரம் போட்டார்கள். தகுந்த காரணம் இல்லை என்று முடிவுசெய்த நோர்வேக் கடற்படை அன்றிரவே கப்பலில் ஏறியது. காவல் அணியைத் தடுத்துவைத்து, கப்பலை அதன் அமெரிக்கக் கப்டன் கைனார்டிடம் ஒப்படைத்தது. 21ஆவது உறுப்புரை கொஞ்சமும் பிசகாமல்.

ஒக்டோபர் 21

நம்மூர்க் கதை ஒன்றும் சேர்க்கலாமா என்று பார்த்தேன். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் தன் கப்பல்களைப் பழுதுபார்க்க மட்டக்களப்பில் தரித்தார்; பிரித்தானியரிடமிருந்து பிடித்த 'ஹனிபல்' அவர் படையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தக் கரை அப்போது ஒல்லாந்தருடையது, அவர்களும் பிரித்தானியரோடு போரில் இருந்தார்கள். நடுநிலைப் பேச்சே இல்லை. வெட்டிவிட்டேன், மனமில்லாமல்.

ஒக்டோபர் 23

கடைசிப் பகுதி 'அல்ற்மார்க்'. இது பிடிபட்ட கப்பல் இல்லை. ஜேர்மனி மூழ்கடித்த பிரித்தானிய வணிகக் கப்பல்களின் மாலுமிகள் 299 பேரை அடைத்துக் கொண்டுபோன துணைக்கப்பல். ஹோகசுண்டில் அவ்வளவு துணிந்த நோர்வே, சில மாதங்களில் இந்தக் கப்பலில் ஏறியும் அடித்தளத்தைத் திறந்து பார்க்காமல் போகவிட்டது. 1940 பெப்ரவரி 16 இரவு பிரித்தானியப் போர்க்கப்பல் 'கொசாக்' நோர்வேயின் யோசிங் குடாவுக்குள் நுழைந்து அவர்களை மீட்டது. அங்கே நின்ற நோர்வேயின் சிறு போர்ப்படகுகள் ஆட்சேபம் தெரிவித்தன, சுடவில்லை.

மாமா கேட்டார்: "ரெண்டு பெரியவன் அடிபடக்குள்ள சின்னவன் என்ன மனே செய்யிற?"

25ஆவது உறுப்புரையை வாசித்துக் காட்டினேன். கையிலுள்ள வழிகள் இடம்கொடுக்கும் அளவுக்குக் கண்காணித்தால் போதும் என்கிறது. படகு சிறிதென்பதை மன்னிக்கிறது, பார்க்காமல் விட்டதை அல்ல. என் கட்டுரையில் நோர்வேக்கு ஹோகசுண்டுக்கு முழுப் புள்ளி, அல்ற்மார்க்குக்குப் பாதி. விரிவுரையாளர் குறைத்தால் குறைக்கட்டும்.