கால் மேல் கால் போட்ட கபாலி: லெகோவில் கட்டிப் பார்த்தது

கபாலி மாடல் முடிந்துவிட்டது. இப்போது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பட்டணத்தில் எங்கள் அண்ணன் ஒருவரின் முடிதிருத்தும் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்) பெட்டிக்குள் இருக்கிறது. எப்படிக் கட்டினேன் என்று பலர் கேட்பதால் விவரமாக எழுதிவைக்கிறேன். தயாராக வரும் பெட்டியை வாங்கிப் பிரித்துக் கட்டியது இல்லை இது. வடிவமைப்பு முழுக்க என்னுடையது, துண்டுகள் பல இடங்களில் சேர்த்தவை.

ஏன் கபாலி? பா. ரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்து 2016 ஜூலையில் வந்த அந்தப் படம் எங்கள் நாட்டுக் கதை. தோட்டத் தொழிலாளர்களின் சம்பளப் போராட்டத்திலிருந்து மேலே வருகிற ஒரு மனிதரின் கதை. படம் எடுத்த விதத்தைப் பற்றி எங்கள் ஊரில் இன்னமும் வாக்குவாதம் உண்டு. ஆனால் கோட்டு சூட்டுப் போட்டு, நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தோற்றத்தைப் பற்றி யாருக்கும் வாக்குவாதம் இல்லை. என்னைப் பொறுத்தவரை அந்தப் பாத்திரம் முகத்தில் இல்லை, அந்த உட்காரலில் இருக்கிறது. அதனால் முக ஜாடைக்குச் செலவழிக்க வேண்டிய உழைப்பில் பெரும்பகுதியைக் காலுக்கும் கோட்டுக்கும் கொடுப்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. 1941-இல் எங்களுக்குப் பக்கத்திலுள்ள கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னணியில் இருந்தார். சீனத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம் வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதே ஒரு கோரிக்கையாக இருந்த வட்டாரம் இது. இங்கே ஒருவர் கோட்டுப் போட்டு நிமிர்ந்து உட்கார்வதை அலட்சியமாகக் கட்டிவிட முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அளவு. ஜொகூர் லெகோலேண்ட் 2012-இல் திறந்தது. அங்கே மினிலேண்ட் என்ற சிறு நகர மாதிரிப் பகுதியில் எல்லாம் 20-இல் ஒரு பங்கு அளவு. அந்த அளவில் ஒரு ஆள் ஒன்பது சென்டிமீட்டர்கூட வராது. கோட்டு மடிப்பு தெரியாது. நான் தலையிலிருந்து தொடங்கினேன். தலையை 4 குமிழ் (துண்டின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வட்டப் புடைப்பு) அகலம் என்று வைத்தால் 32 மில்லிமீட்டர். மனிதத் தலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நின்றால் 35 சென்டிமீட்டர், உட்கார்ந்தால் 26. கடையில் கிடைக்கும் இடத்துக்கும் என் பணப்பைக்கும் அதுதான் எல்லை. மொத்தத்தில் ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள், அறுநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போயிற்று.

வரைவுக்கு பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள். எந்தத் துண்டு எந்த நிறத்தில் உண்மையில் கிடைக்கும் என்பதை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். இது முக்கியம். திரையில் எல்லா நிறமும் அழகாக வரும், வாங்கப் போனால் அந்தத் துண்டு அந்த நிறத்தில் வார்க்கப்பட்டதே இருக்காது.

நிறம் என்றதும் தோல் நிறத்தைச் சொல்ல வேண்டும். லெகோவின் சிறு பொம்மைகள் 1978-இலிருந்து மஞ்சள் முகத்தோடு வந்தவை. படப் பாத்திரங்களுக்கு மனிதத் தோல் நிறம் வந்தது 2003-இலிருந்துதான். இன்றும் வெளிர் தோல் நிறத்தில் துண்டு வகைகள் அதிகம், மாநிறத்தில் குறைவு. வெளிர் நிறத்தில் கட்டினால் கன்னம், மூக்கு எல்லாம் சுலபமாக வந்துவிடும். அதைத் தொடவே மாட்டேன் என்று இருந்தேன். செம்பழுப்பில் வகைகள் ஏராளம், ஆனால் அந்த நிறத்தில் தாடியும் கறுப்புக் கண்ணாடியும் முகத்தோடு கலந்து காணாமல் போகின்றன. கடைசியில் லெகோ 'மீடியம் நூகட்' என்று அழைக்கும் மாநிறம். கிடைத்த சில வகைத் துண்டுகளை வைத்தே முகத்தையும் இரண்டு கைகளையும் முடித்தேன். மூக்கு கொஞ்சம் சதுரமாகத்தான் இருக்கிறது. நிறம் சரியாக இருக்கும்போது மூக்கு சதுரமானால் பரவாயில்லை என்பது என் கட்சி.

முகத்தில் எனக்குப் பிடித்தது தாடி. நரை கலந்த தாடிக்குக் கறுப்பு, கரும் சாம்பல், இளம் சாம்பல் ஆகிய மூன்றையும் ஒற்றைக் குமிழ் சரிவுத் துண்டுகளாகக் கலந்தேன். குமிழ்கள் மேலே பார்க்காமல் முன்பக்கம் பார்க்கும்படி பக்கவாட்டில் கட்டினால், ஒரு பிளேட்டின் (மெல்லிய தட்டைத் துண்டு) தடிமனான 3.2 மில்லிமீட்டர் வரை நுணுக்கமாக அசைக்கலாம். ஒரு குமிழுக்கான இடத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். ஐந்து பிளேட் அடுக்கினால் சரியாக இரண்டு குமிழ். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் எந்தத் திசையிலும் துண்டுகளைத் திருப்பிப் பூட்டலாம்.

அடுத்து கோட்டு. இதற்குத் தாமானில் (குடியிருப்புப் பகுதி) எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற தையற்காரரிடம் போனேன். என் வரைவைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"தம்பி, உட்கார்ந்திருக்காரு, அப்புறம் எதுக்கு கோட்டு பட்டன் போட்டிருக்காரு?"

"படத்துல மூணு துண்டு சூட்டு மாமா. அழகா இருக்கட்டும்னு..."

"உட்காரும்போது கோட்டைத் திறந்துடணும்பா. இல்லேன்னா நெஞ்சுல தூக்கிக்கிட்டு நிக்கும். உள்ள இருக்கிற வெயிஸ்ட்கோட்டுக்குத்தான் பட்டன். அதிலேயும் கடைசி பட்டன் போடக் கூடாது."

அந்தப் பேச்சு மாடலையே மாற்றியது. மூடிய கோட்டு என்றால் நெஞ்சு ஒரே பலகை. திறந்த கோட்டு என்றால் மூன்று அடுக்கு: வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட், அதன் இருபுறமும் கரும் சாம்பல் கோட்டு. ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட ஒரு பிளேட் முன்னால் நிற்கிறது. கோட்டுக் கழுத்தின் மடிப்பான லேபலுக்கு நீள முக்கோணச் சரிவுத் துண்டுகள், இடமும் வலமும் ஜோடியாக. கோட்டின் கீழ் ஓரங்கள் தொடைக்கு இருபக்கமும் விழ வேண்டும் என்பதால் அவற்றைக் கீல் துண்டுகளில் தொங்கவிட்டேன். பட்டன்கள் ஒற்றை வட்ட டைல் (மேலே குமிழ் இல்லாத வழவழப்பான துண்டு). கடைசி ஒன்றை வைக்கவில்லை. மாமா கடைக்கு வந்து பார்த்தபோது அந்த இடத்தைத்தான் முதலில் தேடினார்.

இனி கால். மொத்த வேலையில் பாதி இதற்குத்தான் போனது.

வலது கால் இடது முழங்கால் மேல். மேல் காலின் கீழ்ப்பகுதி முன்னே நீட்டிக்கொண்டு, தரையைத் தொடாமல், பூட்ஸ் எடையோடு அந்தரத்தில் நிற்க வேண்டும். உருண்டை மூட்டுகளை வைத்துப் பார்த்தேன். அப்போதைக்கு நிற்கும், போகப்போகக் கால் மெல்ல இறங்கிவிடும். சொடுக்குக் கீல்கள் இறங்காது, ஆனால் அவை 22.5 டிகிரிப் படிகளில்தான் நிற்கும். செங்குத்திலிருந்து 22.5 என்றால் கால் களைத்துத் தொங்குவதாகத் தெரிகிறது. 45 என்றால் யாரையோ உதைக்கப்போகிறார். இடைப்பட்ட கோணம் வேண்டும்.

வழி பள்ளிக்கூடக் கணிதத்தில் கிடைத்தது. 3, 4, 5 அலகுப் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தில், 4-க்கும் 5-க்கும் நடுவிலுள்ள கோணம் ஏறக்குறைய 37 டிகிரி. லெகோவின் டெக்னிக் வகை நீளச் சட்டங்களின் ஓட்டைகளும் 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருப்பதால் அந்த முக்கோணம் துல்லியமாகப் பொருந்தும். ஓட்டைகளை எண்ணும்போது மட்டும் 4, 5, 6 என்று ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். தரையில் ஊன்றிய இடது காலின் செங்குத்துச் சட்டம் 4. முன்னே நீளும் வலது காலின் சட்டம் 5. இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் 3. எடை முழுவதும் இடது கால் வழியாக அடித்தளத்துக்குப் போய்விடுகிறது. குறுக்குச் சட்டம் பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும். அதையும் பேன்ட் நிற டைலால் மூடிவிட்டேன். இப்போது மாடலை அந்த வலது பூட்ஸைப் பிடித்தே தூக்கலாம். கடையில் யாரையும் அப்படிச் செய்ய விடுவதில்லை என்பது வேறு.

நாற்காலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உயரமான முதுகு, அடர் சிவப்பு மெத்தை, மரப்பகுதி செம்பழுப்பு. செம்பழுப்புத் துண்டுகளைப் பழையதாக வாங்காதீர்கள். சில ஆண்டுகளில் வார்க்கப்பட்டவை நொறுங்கும் தன்மை கொண்டவை என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். புதியதாகவே வாங்கினேன்.

நாற்காலிக்குப் பின்னால் வெறும் பலகையாக விட மனம் வரவில்லை. ஒரு பால் மரத்தின் அடிப்பகுதியை வைத்தேன். இப்போது எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனைதான், ஆனால் அந்தக் கதைக்குரிய மரம் ரப்பர். ஆறு குமிழ் அகலம் கொண்ட தண்டு. அம்மா இளவயதில் பால் வெட்டுக்குப் போனவர். அவரிடம் கேட்டேன்.

"மரத்தைப் பார்த்து நின்னா வெட்டு எந்தப் பக்கம்மா சரியும்?"

"இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ. அப்படி வெட்டினாத்தான் பால் நல்லா வரும். கோடு முடியுற இடத்துல தகரம், அதுக்குக் கீழ மங்கு. பட்டையைத்தான் சீவணும்டா, மரத்தைக் காயப்படுத்தக் கூடாது."

பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்கள் நேராக ஏறாமல் சற்றே சாய்ந்து ஏறுவதால்தான் இந்தச் சரிவு. இப்படி வெட்டும்போது அதிக நாளங்கள் அறுபடும். சரிவு 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு குமிழுக்கு ஒரு பிளேட் இறக்கினால் 22 டிகிரி, இரண்டு பிளேட் இறக்கினால் 39. ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி இறக்கினால் 31. வெட்டுக்கோட்டுக்கு வெள்ளை டைல், பழைய வெட்டுகளின் தழும்புக்கு இளம் பழுப்பு, மங்குக்கு ஒரு கறுப்புக் கிண்ணத் துண்டு, அதற்குள் வெள்ளை வட்டம். அம்மா பார்த்துவிட்டு, "மங்கு நிறைய பால் இருக்கு, மழை பெய்யாம இருக்கணும்" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

காட்சிக்கு வைத்த கதை தனி. முடிதிருத்தும் கடையில் காற்றாடி, முடித்துகள், முக்கியமாகப் பவுடர். கறுப்பு டைலில் பவுடர் படிந்தால் மாடல் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததாக ஆகிவிடும். அதனால் 5 மில்லிமீட்டர் பெர்ஸ்பெக்ஸில் பெட்டி வெட்டச் சொன்னேன். அடிப்பலகையில் ஒரு பள்ளம் ஓடவிட்டு அதற்குள் பெட்டி இறங்கி உட்காரும்படி செய்திருக்கிறது. பெர்ஸ்பெக்ஸை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, மயிரிழை விரிசல் விழும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் பிடித்து இன்னும் தூசியை இழுக்கும்.

கடை மேற்குப் பார்த்தது. மாலை வெயில் கல்லா வரை வருவதில்லை என்பதைக் கவனித்துவிட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நேர் வெயில் பட்டால் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிடும். வெளிச்சத்துக்கு மேலிருந்து ஒரு மஞ்சள் எல்.இ.டி. பட்டை. வெள்ளை விளக்கில் முகம் சாம்பல் தட்டியது, கோட்டின் மூன்று அடுக்கும் ஒன்றாகத் தெரிந்தன. விளக்கைச் சற்று இடப்பக்கம் தள்ளி வைத்ததும் லேபலின் நிழல் விழுந்து, நெஞ்சுக்கு ஆழம் வந்தது.

நான் பசை போடுவதில்லை. ஆனால் கடை வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நாளெல்லாம் போகின்றன, ஒவ்வொன்றுக்கும் மேசை அதிர்கிறது. அடித்தளத்துக்குக் கீழே ரப்பர் விரிப்பு போட்ட பிறகு எந்தத் துண்டும் தளரவில்லை. கைவிரல்கள் மட்டும் ஒற்றைக் குமிழில் நிற்பதால் அவ்வப்போது அழுத்திவிட வேண்டியிருக்கிறது.

பார்க்க வருகிறவர்களில் பிள்ளைகள் மூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எத்தனை துண்டு என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் முதலில் காலைப் பார்க்கிறார்கள், பிறகு மரத்தைப் பார்க்கிறார்கள். பழைய தோட்டத்தில் கிராணியாக (கணக்கெழுதும் குமாஸ்தா) இருந்த ஒரு தாத்தா முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர், நாற்காலியைத் திருப்பச் சொல்லி மாடலைப் பார்த்தபடியே வெட்டிக்கொண்டார். "எங்க காலத்துல ஆபீஸ் வாசல்ல இப்படி உட்கார்ந்தா அன்னிக்கே பேர் வெட்டிடுவாங்க" என்றார். கடைக்கார அண்ணன், "இப்ப நம்ம கடையில உட்கார்ந்திருக்காரு தாத்தா, யாரு வெட்டுறது?" என்று கேட்க, கடையே சிரித்தது.

அடுத்ததாக அந்த 1941 சைக்கிள்காரரைக் கட்டப்போகிறேன். இறங்காமல் மிதித்துக்கொண்டு போகிற ஆள், இதே ஐந்தில் ஒரு பங்கு அளவில். பழைய 28 அங்குலச் சக்கரம் அந்த அளவில் 14 சென்டிமீட்டர் வரும். அவ்வளவு பெரிய, மெல்லிய சக்கரம் தயாராக என்னிடம் இல்லை. வளையும் கறுப்புக் குழாயை வட்டமாகப் பூட்டி, உள்ளே ஆரங்களுக்கு நூல் கட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். குழாய்த் துண்டுகளுக்குச் சொல்லிவைத்தாயிற்று. வந்ததும் முதலில் முன்சக்கரம்.